பேரனுக்குப் பேஸ்பால், பாட்டிக்குக் கிரகணம்

கேள்வி: அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வளரும் என் ஒன்பது வயதுப் பேரன் கோடை விடுமுறைக்கு முத்தியால்பேட்டைக்கு வருகிறான். வாயைத் திறந்தால் பேஸ்பால். அதை விட்டால் 2024இல் அவன் பார்த்த முழுச் சூரிய கிரகணம். நானோ கிரகணம் என்றால் சாப்பாட்டில் தர்ப்பையைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியே பழகியவள். அவனோடு சேர்ந்து நானும் படிக்கத்தக்க புத்தகங்களைச் சொல்வீர்களா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பேரன் இரண்டையும் சேர்த்தே பேசுவதில் வியப்பில்லை. 2024 ஏப்ரல் 8 அன்று பிற்பகலில் கிளீவ்லாந்து ஏறக்குறைய நான்கு நிமிடம் இருண்டது. அன்று மாலையே அந்நகரின் பேஸ்பால் அணியான கார்டியன்ஸ் அப்பருவத்தில் சொந்த மைதானத்தில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது.

பேஸ்பாலுக்கு விதிமுறை நூல் எதையும் வாங்க வேண்டாம். அது அவனுக்குத் தெரிந்ததையே சொல்லும். உங்களுக்கோ மூன்றாம் பக்கத்தில் கண் சொக்கிவிடும். அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், மூன்று பேர் அவுட்டானால் மறு அணி மட்டை பிடிக்கும் என்ற அளவு போதும், மீதியை அவனே சொல்லித் தரட்டும். ஏரன் மெஷோன் எழுதி வரைந்த 'டேக் மீ அவுட் டு த யாக்யூ' (யாக்யூ என்றால் ஜப்பானிய மொழியில் பேஸ்பால்) என்ற படப்புத்தகத்தில் ஒரு சிறுவன் அமெரிக்கத் தாத்தாவோடும் ஜப்பானியத் தாத்தாவோடும் ஆட்டம் பார்க்கப் போகிறான். இரண்டு நாட்டில் வீடுள்ள பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தோன்றவில்லை. கென் மோச்சிசூக்கியின் 'பேஸ்பால் சேவ்டு அஸ்' சற்றுக் கனமானது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் பாலைவனத்தில் மைதானம் அமைத்து ஆடியதைச் சொல்வது. அதில் இன வசை வருகிறது என்பதால் அவனைத் தனியே படிக்க விடாதீர்கள்.

கிரகணத்துக்கு ஃப்ராக்னாயும் ஷாட்ஸும் எழுதிய 'வென் த சன் கோஸ் டார்க்' என்ற நூலையே முதலில் சொல்வேன். கிரகணத்தைத் தேடி ஊர் ஊராகப் போகும் தாத்தாவும் பாட்டியும் ஒரு விளக்கையும் இரண்டு பந்துகளையும் வைத்து, பேரப்பிள்ளைகளுக்கு வீட்டுக் கூடத்திலேயே கிரகணத்தை உண்டாக்கிக் காட்டுகிறார்கள். அதை உங்கள் கூடத்திலும் செய்து பார்க்கலாம். வெண்டி மாஸின் 'எவ்ரி சோல் எ ஸ்டார்' நல்ல நாவல்தான், ஆனால் அவனுக்கு இன்னும் இரண்டு வயது கூடட்டும். இந்த நான்கையும் அங்கிருந்தே வாங்கி வரச் சொல்லிவிடுங்கள். தமிழில் படிக்க, நம் புதுவை அறிவியல் இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சேர்ந்து நடத்தும் 'துளிர்' இதழ் இருக்கிறது.

புத்தகத்தில் இல்லாத கதை ஒன்றும் உங்கள் கைவசம் இருக்கட்டும். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை எழுதி வைத்திருக்கிறார். பரணில் பல்லாங்குழியும் சோழியும் இருந்தால் அவன் வருவதற்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.