வாசகர் கேள்வி: நாவல் கைப்பிரதியில் பத்தியும் பேச்சும்

கேள்வி (மாட்டுங்கா, மும்பை வாசகி): என் முதல் நாவலை வேர்டில் தட்டச்சு செய்து அனுப்பினேன். பேசுவது யாரென்று புரியவில்லை, பத்திகளும் ஒழுங்காக இல்லை என்று பதிப்பகத்தில் திருப்பிவிட்டார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: பேச்சிலிருந்து தொடங்குங்கள். ஆள் மாறினால் பத்தி மாற வேண்டும். தமிழில் இது இன்னும் அவசியம். எழுவாயை விட்டுவிட்டு வெறும் 'என்றாள்' போடுவது நம் வழக்கம். மாமியாரும் மருமகளும் பேசினால் இருவருக்கும் 'என்றாள்'தான். அது யாருடையது என்று பத்திதான் சொல்லும். பேச்சோடு வரும் செயலுக்கும் இதே கணக்கு.

"தாதர் வண்டி போயிடுச்சா?" கமலாவுக்கு மூச்சு வாங்கியது.

லட்சுமி பையைக் கை மாற்றிக்கொண்டாள். "இப்பத்தான்."

பையை மாற்றும் வரி மேல் பத்தியிலேயே இருந்து, "இப்பத்தான்" மட்டும் கீழே வந்தால், முதல் கேள்வியைக் கேட்டதே லட்சுமிதானோ என்று வாசகர் தடுமாறுவார்.

பின்னால் 'என்றாள்' வந்தால் மேற்கோளுக்குள் முற்றுப்புள்ளி வேண்டாம், கேள்விக்குறி இருக்கலாம். ஒருவரே பல பத்திகள் பேசினால் ஒவ்வொரு பத்தித் தொடக்கத்திலும் மேற்கோளைத் திறந்து, கடைசியில் மட்டும் மூடுங்கள். உங்கள் ஊர்க் கதையில் இந்தியும் மராத்தியும் வராமல் இருக்காது. அவற்றைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். அடைப்புக்குறிக்குள் பொருள் போட்டால் பேச்சின் வேகம் செத்துவிடும். எதிராளியின் பதிலிலேயே பொருள் விளங்க வையுங்கள்.

பத்திகள் கோணலாவது பெரும்பாலும் முதல் வரியை ஸ்பேஸ்பாரால் உள்ளே தள்ளுவதால்தான். ஓரிடத்தில் ஐந்து தட்டு, இன்னோரிடத்தில் ஏழு. பக்க வடிவமைப்பாளர் அத்தனையையும் நீக்க வேண்டியிருக்கும். முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி மாறும் இடங்களில் மூன்று நட்சத்திரக் குறி இடுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த படியில் காட்சி இடைவெளிகளும் காணாமல் போய்விடும். பிறகு கண்ட்ரோல்+எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் ^ குறியும் சின்ன ஆங்கில 'பி'யும் இரண்டு முறை, மாற்றும் கட்டத்தில் ஒரு முறை கொடுத்தால் வெற்று வரிகள் போகும். மூன்று நான்கு என்டர் தட்டிய இடங்களுக்காகத் திரும்பவும் ஓட்டுங்கள். ^பி-க்குப் பின் ஒரு ஸ்பேஸ் வைத்துத் தேடி, வெறும் ^பி-யாக மாற்றினால் பத்தி முன்னுள்ள இடைவெளிகளும் ஒவ்வொன்றாகக் குறையும்.

இனி முழுவதையும் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பெட்டியில் ஸ்பெஷல் என்பதில் ஃபர்ஸ்ட் லைன், 0.5 அங்குலம், வரி இடைவெளி 1.5. அத்தியாயத்தின் முதல் பத்திக்கும் நட்சத்திரக் குறியை அடுத்த பத்திக்கும் மட்டும் உள்தள்ளலை எடுத்துவிடுங்கள்.