வாசகர் கேள்வி: பறக்கத் தடை, தரையில் ஓட்டத் தடையா?

கேள்வி: என் தம்பி தனியார் விமானி உரிமம் பெற்றவர்; சுபாங்கில் ஒரு பறக்கும் கழகத்தின் சிறிய விமானத்தில் பறந்து வந்தார். உட்காதுக் கோளாறினால் அவ்வப்போது தலைச்சுற்றல் வருவதால், அவருடைய மருத்துவச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பறக்கத்தான் தடை, விமானத்தைப் பராமரிப்புக் கொட்டகை வரை தரையில் ஓட்டிச் செல்லத் தடையில்லை என்கிறார். அவர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்: உங்கள் தம்பி பொதுவான விதியைச் சரியாகவே சொல்கிறார், ஆனால் அது அவருடைய நிலைமைக்கு உதவாது.

அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் 6ஆம் இணைப்பின்படி, விமானத்தைத் தரையில் ஓட்டுபவர் விமானியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விமானத்தின் உரிமையாளரோ அதை இயக்கும் நிறுவனமோ அவருக்கு அனுமதி தந்திருக்க வேண்டும். ஓட்டுவதில் முழுத் திறமை வேண்டும். வானொலித் தொடர்பு தேவைப்படும் இடத்தில் அதற்கான தகுதி வேண்டும். அந்த நிலையத்தின் பாதைகள், குறியீடுகள், விளக்குகள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உத்தரவுகள் ஆகியவற்றில் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். விமானி உரிமமே இல்லாத பொறியாளர்கள் எஞ்சின் சோதனைக்காக விமானத்தை நகர்த்துவது இந்த அடிப்படையில்தான். அமெரிக்காவின் 61.53 விதியும், உடல்நலம் குன்றியவர் பொறுப்பு விமானியாகவோ (பறப்புக்கு முழுப் பொறுப்பேற்பவர்) பறக்கக் கட்டாயம் தேவைப்படும் விமானிக் குழு உறுப்பினராகவோ செயல்படுவதையே தடுக்கிறது.

இங்கே நகர்த்துவதன் நோக்கம் முக்கியமானது. புறப்படும் எண்ணத்துடன் விமானம் முதன்முதலில் அசையும் கணத்திலிருந்தே பறப்பு நேரம் கணக்காகிறது. ஆகவே, ஓடுபாதை முனைவரை தாமே பொறுப்பு விமானியாக ஓட்டிச் சென்று, அங்கே நண்பரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் நினைத்தால், அது செல்லாது.

இனி, நோய்க்கு வருவோம். சான்றிதழ் இல்லாதது வேறு, தலைச்சுற்றல் இருப்பது வேறு. ஓடுபாதையைக் கடக்குமுன் காத்திருப்புக் கோட்டில் நின்று, இறங்கி வரும் விமானம் உண்டா என்று இடமும் வலமும் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உட்காதுக் கோளாறு உள்ளவருக்குச் சுற்றலைத் தூண்டிவிடக்கூடிய அசைவு அதுவேதான். சிறிய விமானங்களில் பெரும்பாலும் மிதிகளை அழுத்தித் திசை திருப்பி, அவற்றின் மேல்பகுதியைப் பாதவிரல்களால் அழுத்தி பிரேக் பிடிக்கிறார்கள். அந்த நேரத்தில் உலகம் சுழன்றால், முன்னால் சுழலும் உந்துசக்கரம் எதன்மேல் மோதும் என்று சொல்ல முடியாது. தரைதானே என்று அலட்சியம் செய்பவர்கள், 583 பேர் உயிரிழந்த 1977ஆம் ஆண்டு தெனெரிஃப் விபத்தில் மோதப்பட்ட விமானம் ஓடுபாதையில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது என்பதை அறிய வேண்டும்.

எனவே, 'முழுத் திறமை' என்ற நிபந்தனையிலேயே உங்கள் தம்பி தகுதி இழக்கிறார். இதுவே கை விரலில் தையல் போட்ட காரணத்தால் சான்றிதழ் நிறுத்தப்பட்ட ஒருவராக இருந்தால், என் பதில் மாறியிருக்கக்கூடும்.

விமானம் கழகத்தினுடையது என்பதால் அனுமதி தருவதும் கழகத்தின் உரிமை; தம் உடல்நிலையை மறைத்துப் பெற்ற அனுமதி, விபத்து நேர்ந்தால் அவரைக் காப்பாற்றாது. காப்புறுதிப் பத்திரத்தில் தரையில் ஓட்டுபவருக்கு என்ன நிபந்தனை விதித்திருக்கிறார்கள் என்பதையும் கழகம் பார்க்கட்டும். சந்தேகம் தீராவிட்டால், மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அதுவரை, இழுவைக் கம்பி கொண்டு ஊழியர்கள் கொட்டகைக்கு இழுத்துச் செல்லட்டும். அதற்கு எஞ்சினை இயக்கவே வேண்டியதில்லை.