பாதுகாவலர் சான்று கையில் இருக்கிறது, ஆபரேஷனுக்கு என் கையெழுத்து போதாதா?

கேள்வி: மகளுக்கு 23 வயது, அறிவுசார் குறைபாடு. மாதவிலக்கு நாட்களில் துணியை அவிழ்த்து எறிந்துவிடுகிறாள். யாராவது கெடுத்துவிட்டால் என்ற பயம் வேறு. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கலெக்டர் தலைமையிலான குழு தந்த பாதுகாவலர் சான்று என் பெயரில் இருக்கிறது. கணவர் இறந்த பிறகு சொத்தில் பங்கு தராத கொழுந்தனார், ‘ஆபரேஷன் செய்தால் கேஸ் போடுவேன்’ என்கிறார்.

பதில்: போதாது.

மகளுக்கு 18 தாண்டிவிட்டது. கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் அவளுடைய சம்மதம் வேண்டும். அதுவும் விவரம் புரிந்து, தானாகத் தரும் சம்மதம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு இது. பாதுகாவலர் சான்று இதற்கு மாற்று இல்லை.

இதில் பெற்றோர் விழும் குழி எது தெரியுமா? ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் ‘அதிக ரத்தப்போக்கு’ என்று எழுதி, அடியில் அம்மா கையெழுத்துப் போடுவார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு கோளாறும் இருக்காது. அந்தக் கோப்பு உறவுக்காரர் கைக்குப் போனால் போதும். பாதுகாவலர் சான்று தரும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 17வது பிரிவில், பாதுகாவலர் துன்புறுத்துகிறார் என்று உறவினரே மனுப் போட்டு உங்களை நீக்கக் கேட்கலாம். நீங்கள் போனால் மகளின் பங்கை யார் பார்த்துக்கொள்வார்கள்? கொழுந்தனார் காத்திருப்பது இதற்குத்தான்.

இன்னொன்று, கசப்பாகத்தான் இருக்கும். கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம்தான் நிற்கும், கெடுப்பவன் நிற்கமாட்டான். வாய்விட்டுச் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு நடந்த கொடுமை, சில சமயம் வயிறு தெரிந்த பிறகுதான் வெளியே வருகிறது. 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போன சண்டிகர் வழக்கு, அரசு விடுதியில் இருந்த இப்படி ஒரு பெண்ணுடையதுதான். அந்த வழக்கிலும் அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்கக் கூடாது என்றுதான் தீர்ப்பு.

உண்மையிலேயே கட்டி, நிற்காத ரத்தப்போக்கு என்றால் விஷயம் வேறு. மகளுக்குப் புரியும்படி சொல்லிக் கேளுங்கள், முடியவில்லை என்றால் உயர் நீதிமன்ற உத்தரவோடு போங்கள். மற்றபடி மாதவிலக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை, ஊசி உண்டா என்று வேறொரு மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள்.

கொழுந்தனாருடன் வழக்கு வேண்டாம். உங்கள் பங்கைக் கொஞ்சம் குறைத்து வாங்கினாலும் பரவாயில்லை, மகள் பங்கைத் தனியாகக் காட்டிப் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யுங்கள். அவள் பங்கை மட்டும் குறைக்காதீர்கள். ஆபரேஷன் தேதி கொடுத்திருந்தால், இன்றே போன் போட்டு ரத்து செய்யுங்கள்.