வாசகர் கேள்வி - பதில்: லண்டன் போலீஸும் ‘நாலு பேர்’ கணக்கும்

எங்கே போனாலும் கெட்டவர்கள் நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். அதற்காக லண்டன் மாநகரப் போலீஸ் முழுவதையும் நிறுவனரீதியாக இனவெறி பிடித்தது என்று, அந்தப் போலீஸை ஆய்வு செய்த லூயிஸ் கேசியின் அறிக்கை சொன்னது அதிகப்படி இல்லையா?
- வாசகர், ஈஸ்ட் ஹாம்

எல்லாப் போலீஸ்காரர்களும் இனவெறியர்கள் என்று அந்த அறிக்கை எங்கும் சொல்லவில்லை. ‘நிறுவனரீதியாக’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1993 ஏப்ரல் 22 அன்று லண்டனின் எல்தம் பகுதியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் குத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கை போலீஸ் சொதப்பியது ஏன் என்று ஆராய்ந்த மக்பர்சன் குழு 1999 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. நிறம், பண்பாடு, இனம் காரணமாக ஒருவருக்கு முறையான சேவை கிடைக்காமல் போனால், அந்தத் தவறு அமைப்பு முழுவதற்கும் உரியது என்று அது வரையறுத்தது. யார் மனதில் என்ன இருக்கிறது என்பதை அது அளக்கவில்லை, வாசலுக்கு வந்தவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் அளந்தது. லாரன்ஸைக் கொன்றவர்களில் இருவருக்கு 2012 ஜனவரியில்தான் தண்டனை கிடைத்தது.

லூயிஸ் கேசி 2023 மார்ச்சில் எடுத்ததும் ஏறக்குறைய அதே அளவுகோல்தான். இனவெறியோடு பெண்வெறுப்பும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான வெறுப்பும் அமைப்பில் ஊறியிருப்பதாக அவர் சொன்னார். ஆணையர் மார்க் ரௌலி கண்டறிந்தவற்றை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த ‘நிறுவனரீதியாக’ என்ற சொல்லை மட்டும், ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள், அரசியலாகிவிட்டது என்று சொல்லித் தவிர்த்தார். எங்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. சொல்லை விட்டுவிட்டால் ஆளை நீக்குவதோடு வேலை முடிந்தது என்ற எண்ணம் மறுபடி வந்துவிடும்.

திரும்பத் திரும்பப் புகார் வந்தவர்கள் வேலையில் நீடித்தது எப்படி? மேலதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டார்களா?
- வாசகி, மதுரை

சிலர் மூடிக்கொண்டார்கள். ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தவருக்கும் முழுப்படம் தெரியாதபடிதான் முறையே இருந்தது. ஒவ்வொரு புகாருக்கும் தனிக் கோப்பு. அதில் ஆதாரம் போதவில்லை என்றால் மூடிவிடுவார்கள். அடுத்த புகார் வரும்போது பழைய கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். ஐந்து புகார் இருந்தாலும் ஒவ்வொன்றும் ‘முதல் புகார்’தான்.

கேசி 2022 அக்டோபரில் தந்த இடைக்கால மதிப்பீட்டில் இதற்கான எண்கள் இருக்கின்றன. 2013 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட நடத்தை வழக்குகளில் சிக்கியவர்கள் 1,809 பேர். அவர்களில் பணிநீக்கம் ஆனவர்கள் 13 பேர். ஒரு வழக்கு முடியச் சராசரியாக 400 நாள் ஆனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வெள்ளையரைவிடக் கறுப்பின அதிகாரிகள் நடத்தை வழக்குக்குள் இழுக்கப்படும் வாய்ப்பு 81 சதவீதம் கூடுதல். சிலருக்கு வலை, சிலருக்கு வாசல்.

பல பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த போலீஸ்காரர் டேவிட் காரிக்கின் வழக்கு இதற்குக் கண்கூடான சான்று. 2001இல் சேர்ந்து, 2009 முதல் நாடாளுமன்ற, தூதரகப் பாதுகாப்புப் பிரிவில் துப்பாக்கியோடு இருந்தவர். வெவ்வேறு காவல் படைகளின் பார்வைக்கு 9 முறை வந்திருக்கிறார். ஒன்றும் குற்றச்சாட்டாக மாறவில்லை. 2017இல் நடந்த பின்னணிச் சோதனையிலும் தேறினார். 2023 பிப்ரவரியில் ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் குறைந்தது 32 ஆண்டு சிறை என்றது. 2021இல் சாரா எவரார்டைத் தன் போலீஸ் அடையாள அட்டையைக் காட்டிக் கடத்திக் கொன்ற வேய்ன் கசின்ஸும் அதே பிரிவுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே பதம் பார்க்க இரண்டு சோறு கிடைத்தும் பானையைத் திறக்கத் தயங்கினார்கள்.

வேலை அழுத்தத்தில் கூட வேலை செய்பவர்கள் கிண்டலடித்துக்கொள்வது எல்லா இடத்திலும் உள்ளதுதானே?
- வாசகர், ஹாரோ

ஒரு சீக்கிய அதிகாரியின் தாடியைக் கத்தரித்திருக்கிறார்கள். இஸ்லாமிய அதிகாரியின் பூட்ஸுக்குள் பன்றி இறைச்சியை வைத்திருக்கிறார்கள். இரண்டும் கேசி அறிக்கையில் உள்ளவை. இதற்குக் கிண்டல் என்று பெயர் வைத்தால் அகராதியைத்தான் மாற்ற வேண்டும். லண்டனின் சேரிங் கிராஸ் போலீஸ் நிலையத்தினரின் இனவெறி, பெண்வெறுப்பு வாட்ஸ்அப் செய்திகள் 2022 பிப்ரவரியில் வெளியானபோதும் ‘பான்டர்’ (வெறும் கிண்டல்) என்பதே சமாதானமாக வந்தது.

மகள் லண்டன் போலீஸில் கான்ஸ்டபிளாகச் சேரப்போகிறாள். தவறு ஏதும் கண்டால் அவள் என்ன செய்ய வேண்டும்?
- வாசகி, டூட்டிங்

இங்கிலாந்து, வேல்ஸ் போலீஸ் நடத்தை விதிகள் பத்து. பத்தாவது, சக பணியாளரின் தவறைத் தட்டிக்கேட்பதும் மேலே தெரிவிப்பதும் கடமை என்கிறது. ஆக, பார்த்துவிட்டு வாய் மூடி இருப்பதே விதிமீறல். வாட்ஸ்அப் குழுவில் ஆபாசமோ இனவெறியோ வந்தால் ‘நான் பதில் போடவில்லையே’ என்பது அவளைக் காப்பாற்றாது.

நடந்த அன்றே தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள் என்று குறித்து வைக்கட்டும். வாய்வழியாகச் சார்ஜெண்டிடம் மட்டும் சொல்வதுதான் வழக்கமாகச் செய்யும் பிழை. அவர் அந்தக் குழுவிலேயே இருக்கலாம், பதிவும் மிஞ்சாது. போலீஸார் மீதான புகார்களைக் கையாளும் தொழில்முறைத் தரப் பிரிவுக்கு எழுத்தில் போக வேண்டும். பாகுபாடு அவள் மீதே என்றால் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் தனி வழி. அங்கே வழக்குப் போட, சம்பவ நாளிலிருந்து நெடுநாளாக இருந்துவரும் கெடு 3 மாதத்தில் ஒரு நாள் குறைவு. அதை மனதில் வைத்தே நடக்கட்டும். உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். உள்விசாரணை நடப்பதால் கெடு தானாக நிற்காது.

இப்போதாவது மாறியிருக்கிறதா?
- வாசகர், சென்னை

விதி மாறியிருக்கிறது. பின்னணிச் சோதனையில் தேறாதவரை அதை மட்டும் காட்டி நீக்க முடியாது என்று 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் புதிய விதி வந்தது: பணியில் நீடிக்க அந்தத் தேர்ச்சி கட்டாயம். அக்டோபரிலோ, அதே சேரிங் கிராஸில் பிபிசி முன்பே ரகசியக் கேமராவில் பிடித்த இனவெறி, பெண்வெறுப்புப் பேச்சுகள் ஒளிபரப்பாயின. பழக்கம் மாறியதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தெருவில் நிறுத்திச் சோதித்தபோது அவமானப்படுத்தினார்கள். புகார் எப்படி?
- வாசகர், வெம்ப்ளி

அந்தப் போலீஸ்காரரின் தோள்பட்டை எண், நேரம், தெருப்பெயர் மூன்றையும் முதலில் எழுதுங்கள். சோதனைப் பதிவின் நகலை 3 மாதத்துக்குள் கேட்கலாம். அவர்கள் மார்பில் மாட்டியிருக்கும் கேமராப் பதிவு, சான்றாகக் குறிக்கப்படாவிட்டால் 31 நாளில் அழிந்துவிடும். எனவே புகாரின் முதல் வரியிலேயே ‘இந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வையுங்கள்’ என்று கேளுங்கள். புகாரைப் படையின் இணையதளத்திலோ சுயாதீனக் காவல் நடத்தை அலுவலகத்தின் (IOPC) படிவத்திலோ தரலாம். பின்னதில் தந்தாலும் பெரும்பாலும் முதலில் படைக்கே அனுப்பப்படும், அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். முடிவுக் கடிதம் திருப்தி இல்லை என்றால், கடிதத் தேதிக்கு மறுநாளிலிருந்து 28 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பதைக் கடிதமே சொல்லும். பலர் கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லை.