மச்சினர் நீட்டும் ஃபாரம்

கேள்வி: ரிட்டயர் ஆனபோது வந்த 24 லட்சத்தில் 18 லட்சத்தை ஒரே ஃபைனான்ஸ் கம்பெனியில் 9 சதவீத வட்டிக்குப் போட்டிருக்கிறேன். அங்கே ஏஜென்ட்டாக இருக்கும் என் மச்சினர்தான் வருஷா வருஷம் ஃபாரம் கொண்டு வந்து புதுப்பிக்கிறார். ரேட்டிங் டிரிபிள் ஏ, அதுதான் உச்ச மதிப்பீடு. பேங்கில் இருக்கும் 6 லட்சத்தையும் எடுத்து, ஆப் வழியாக 11.5 சதவீதக் கடன் பத்திரம் வாங்கச் சொல்கிறார். மனைவி பயப்படுகிறாள். ‘யெஸ் பேங்க்கை கவர்மென்ட் விட்டதா? பெரிய கம்பெனியை விடமாட்டார்கள்’ என்கிறார் மச்சினர். தபால் ஆபீஸில் போடலாம் என்று ஒருநாள் போனேன், வரிசையைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். — 63 வயது வாசகர், கரூர்

பதில்: கரூர்க்காரரே இதைக் கேட்கிறீர்களே! 1926-இல் உங்கள் ஊரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் பேங்க்குக்கு 2020 நவம்பரில் என்ன ஆனது? 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று பூட்டுப் போட்டார்கள். பத்தே நாளில் டிபிஎஸ் வங்கியோடு சேர்த்தார்கள். டெபாசிட்காரர்களுக்குப் பைசா குறையவில்லை. தாத்தா காலத்து ஷேரைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு மிஞ்சியது பூஜ்யம்.

யெஸ் பேங்க்கிலும் அப்படித்தான். 2020 மார்ச்சில் ஸ்டேட் பேங்க் தலைமையில் பணம் போட்டு அதை நிமிர்த்தினார்கள். டெபாசிட் பிழைத்தது. அதே பேங்க் விற்ற ஏடி-1 பத்திரங்கள் (கூடுதல் வட்டி தரும், ஆனால் பேங்க் நொடித்தால் பணம் திரும்ப வராமல் போகலாம்), சுமார் 8,400 கோடி, ஒரே முடிவில் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. எஃப்டியை விட்டு அந்தப் பத்திரத்துக்கு மாறிய பெரியவர்களும் அதில் சிக்கினார்கள். காப்பாற்றியது பேங்க்கை, அதில் பணம் போட்ட எல்லோரையும் அல்ல. கவர்மென்ட் காப்பாற்றத்தான் வேண்டுமா என்றால், பேங்க் டெபாசிட்டுக்கு ஆமாம் என்பேன், பென்ஷனும் சம்பளமும் அதில்தானே ஓடுகிறது. கூடுதல் வட்டிக்குப் போனவர்களையும் வரிப்பணத்தில் தூக்கிவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் 18 லட்சம் இருப்பது பேங்கே இல்லை. பேங்க் டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சக் காப்பீடு ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கிடையாது. வீட்டுக் கடன் கொடுத்த டிஎச்எஃப்எல் என்ற ஃபைனான்ஸ் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 2019 தொடக்கத்தில் அதுவும் டிரிபிள் ஏ. அதே ஜூனில் தனக்குக் கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் தர முடியவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. திவால் சட்டத்தின் கீழ் விற்றார்கள். 2021-இல் கணக்கு முடிந்தபோது, 2 லட்சத்துக்கு மேல் டெபாசிட் போட்டிருந்தவர்களுக்கு ஏறக்குறைய கால்வாசிதான் கிடைத்தது.

சரி, எதற்காக இந்த ரிஸ்க்? தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டம் இதை எழுதும்போது 8.2 சதவீதம் தருகிறது, 30 லட்சம் வரை போடலாம். உங்கள் 9-க்கும் அதற்கும் வித்தியாசம் 0.8. பதினெட்டு லட்சத்துக்கு வருஷம் 14,400, மாதம் 1,200 ரூபாய். டிஎச்எஃப்எல் மாதிரி ஆனால் போவது பதின்மூன்றரை லட்சம். அந்த 1,200-ஐச் சேர்த்துச் சேர்த்து இதை ஈடுகட்ட 94 வருஷம் ஆகும். உங்களுக்கு அப்போது 157 வயது. ஒரு நாள் வரிசையில் நின்றால் என்ன?

ஆப் பத்திரத்தைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. பேங்க் 7 தரும்போது ஒருவர் 11.5 தருகிறார் என்றால், அதைவிடக் குறைந்த வட்டிக்கு அவருக்கு யாரும் கடன் தரவில்லை என்று அர்த்தம். ஆறு லட்சத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் மச்சினரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். வினை அந்த ஃபாரத்தில்தான் இருக்கிறது: காபி வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். இருக்கிற டெபாசிட்டை நடுவில் உடைத்து வட்டியை இழக்க வேண்டாம். முதிர்வுத் தேதிகளை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். முதல் ரசீது முதிர்வதற்கு ஒரு மாதம் முன்பே, ‘புதுப்பிக்க வேண்டாம், பணத்தை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று கடிதம் எழுதி, நீங்களே கிளைக்குப் போய்க் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவிடுங்கள். மச்சினருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.