பேய் வீடு என்று சொல்லி விலையைக் குறைக்கிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் எங்கள் அம்மாவின் சீதன வீடு நான்கு பரப்புக் காணியோடு இருக்கிறது. 1987 ஒக்ரோபரில் ஷெல் விழுந்து பெரியம்மா அந்த வீட்டுக் கிணற்றடியில் இறந்துபோனார். 1995 இடப்பெயர்வோடு வீட்டைப் பூட்டினோம். அடுத்த வருடம் ஊருக்கு முதலில் திரும்பிய பக்கத்து வீட்டு அண்ணையிடம் திறப்பைக் கொடுத்தனுப்பி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மா கடிதம் எழுதினார். 1998இல் கனடா போன அம்மா 2018இல் அங்கேயே காலமானார். அண்ணா கனடாவில், தங்கை லண்டனில், நான் மானிப்பாயில் இருக்கிறோம். இப்போது விற்கப் பார்த்தால், கிணற்றடியில் வெள்ளைச் சேலைப் பெண் அழுகிறாள், கரண்ட் இல்லாத வீட்டில் இரவில் பின்னறையில் வெளிச்சம் தெரிகிறது என்று ஒழுங்கை முழுக்கக் கதை. ஒரு பெடியன் இரவில் உள்ளே போய் யூரியூப்பில் வீடியோவும் போட்டுவிட்டான். ஐந்து இலட்சம் முற்பணம் தந்தவர், பேய் இருப்பதை மறைத்துவிட்டீர்கள் என்று காசைத் திருப்பிக் கேட்கிறார். முத்திரை ஒட்டிய தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். பக்கத்து வீட்டு அண்ணை பாதி விலைக்கு வாங்கத் தயார், அவருக்குத்தான் முதல் உரிமை என்கிறார் தரகர். 2003இல் வேலியை எடுத்து மதில் கட்டியதும் அந்த அண்ணைதான். அது எங்கள் பக்கம் கொஞ்சம் தள்ளி வந்ததுபோல இருக்கிறது. கதை பரப்புபவர்கள்மேல் வழக்குப் போடலாமா? முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா? வீட்டில் சாந்தி செய்தால் பேய் இருப்பதை நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

பதில்: கேட்ட மூன்றுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பேயல்ல, மதில். அதைப் பற்றி நீங்கள் கேள்வியே கேட்கவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் மற்றவருடைய காணியை அவருக்கு எதிராக, இடையூறு இல்லாமல் 10 வருடம் தொடர்ந்து ஆண்டுவந்தால் அதற்கு உரிமை கோரலாம். கச்சேரியடியிலும் கோட்டடியிலும் எல்லோரும் பிரிஸ்கிரிப்ஷன் என்று சொல்வது இதைத்தான். 2003இலிருந்து கணக்குப் போட்டால் எப்போதோ முடிந்த கதை. உங்களைக் காப்பாற்றுவது அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு. உரிமை மீறப்பட்ட நேரத்தில் காணிக்காரர் கடல் கடந்து இருந்தால் அந்த 10 வருடம் ஓடத் தொடங்காது. அவர் திரும்பி வந்தாலோ இறந்தாலோதான் தொடங்கும். மதில் எழும்பியபோது அம்மா கனடாவில் இருந்தார். 2018இல் இறந்தார். ஆகவே உங்கள் கெடு 2028இல் முடிகிறது. அண்ணாவும் தங்கையும் வெளிநாட்டில் இருப்பதைக் காட்டி இன்னொரு முறை அவகாசம் கேட்க முடியாது. அம்மாவின் கடவுச்சீட்டு, கனடா போன திகதிக்கான ஆதாரம், இறப்புச் சான்றிதழ் மூன்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது உண்மை. அதை நம்பி இன்று இருந்துவிடாதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை உங்கள் நிலை இன்னும் பலமானது. பார்த்துக்கொள்ளச் சொல்லித் திறப்பு வாங்கியவர், எத்தனை வருடம் போனாலும் பார்த்துக்கொள்பவர்தான். இனி இது என்னுடையது என்று அவர் வெளிப்படையாக ஏதாவது செய்து காட்டாதவரை அவருக்குச் சார்பாகக் காலம் ஓடாது. அதனால் அம்மாவின் கடிதம் தங்கம். பிரதி பக்கத்து வீட்டு அண்ணையிடம் மட்டும்தான் இருக்கிறதா, அம்மாவின் பெட்டிகளில் அந்த அண்ணை எழுதிய பதில் கடிதம் ஏதும் இருக்கிறதா என்று அண்ணாவிடம் கேளுங்கள். 'வீடு பத்திரமாக இருக்கிறது, அக்கா' என்று ஒரு வரி இருந்தாலும் போதும்.

இனி அந்த வெளிச்சம். எங்கள் ஊர்ப் பேய்கள் முன்பு புளியிலும் பனங்கூடலிலும் இருந்தன. முனிக்கு ஒரு சூலத்தை நட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். தொண்ணூறுகளில் கரண்டே இல்லாமல், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கதை கேட்டு வளர்ந்த எங்களுக்குப் பேய் புதிதல்ல. இப்போது அவை இடம் மாறிவிட்டன. விடுதியும் கல்யாண மண்டபமும் எழும்பும் தெருக்களில், உறுதிக்காரர் வெளிநாட்டில் இருக்கும் பூட்டிய வீடுகளாகப் பார்த்துக் குடியேறுகின்றன. பரப்பு விலை ஏறாத ஊர்களில் இவை அவ்வளவாக நடமாடுவதாகத் தெரியவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில் வெளிச்சம் தெரிந்தால், யாரோ ரோர்ச் அல்லது விளக்கோடு உள்ளே போகிறார் என்பதுதான் என் முதல் ஊகம். யார் என்று நான் சொல்லவில்லை. திறப்பு யாரிடம் இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

பகலில் போய்ப் பாருங்கள். அண்ணையிடம் மரியாதையாகத் திறப்பைக் கேளுங்கள். கிராம சேவையாளரையும் ஊரில் மதிப்பான இரண்டு பேரையும் கூட்டிப் போய், அறை அறையாகத் திகதியோடு படம் எடுங்கள். திறப்புத் தராவிட்டாலோ, உள்ளே யாராவது இருந்தாலோ பூட்டை உடைக்க வேண்டாம். கைகலப்பு என்று பொலிஸ் போனால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் வழக்கு நீதவானிடம் போகும். அங்கே உறுதி யாருடையது என்று பார்ப்பதைவிட, வழக்குத் தாக்கல் செய்த அன்று வீடு யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்களா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்த ஆட்டத்தில் கோபக்காரருக்குத்தான் நட்டம்.

அப்புறம் ஒரு நில அளவையாளரைப் பிடித்துப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு அளக்க வையுங்கள். பரப்புக்கு 18 குழி. நான்கு பரப்பில் இரண்டு குழி போனாலும் இன்றைய விலையில் அது சின்னக் காசல்ல. விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி எப்படியும் இதைக் கண்டுபிடிப்பார். காணிப் பதிவகத்தில் பதிவுத் தாளின் பிரதியையும் எடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது உறுதி எழுதிப் பதிந்திருந்தால் அதில் தெரியும்.

முதல் உரிமை பற்றித் தரகர் சொன்னது பிழை. யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையின்கீழ் முதலில் வாங்கும் உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூட்டு உரிமையாளர்களுக்கும் விற்பவரின் வாரிசுகளுக்கும்தான். மதில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் யாருக்கும் அது வராது. அந்த உரிமை உண்மையில் இருப்பது உங்கள் அண்ணாவுக்கும் தங்கைக்கும். மூன்று பேரும் சேர்ந்து விற்றால் பிரச்சினை இல்லை. அவர்கள் வர முடியாவிட்டால், தங்கள் சார்பில் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் அனுப்பட்டும். இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்றும் மரணசாதன வழக்கு வேண்டுமா என்பதை உறுதியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

சரி, கதை பரப்புபவர்கள். இறந்த பெரியம்மாவுக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. அந்த வழக்கு உயிரோடு இருப்பவரின் பெயருக்குத்தான். வீட்டுக்கும் மானநட்டம் கிடையாது. குற்றவியல் அவதூறு 2002இலேயே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. பொலிசில் முறைப்பாடு செய்தால் அந்தப் பெயரில் எதுவும் நடக்காது. மிஞ்சுவது ஒரு வழிதான். பொய் என்று தெரிந்தே, உங்களுக்குக் கெடுதல் நினைத்து ஒருவர் சொல்லி, அதனால் விற்பனை குழம்பி நட்டம் வந்தது என்று நிரூபித்தால் இழப்பீடு கேட்கலாம், அதுவும் இரண்டு வருடத்துக்குள். ஒழுங்கையில் பத்து ஆச்சிமார் உண்மையாகவே நம்பிச் சொல்லும் கதையை இதில் பிடிக்க முடியாது. தரகர் அதே கதையை வாங்க வந்தவர்களுக்குத் தேடிப்போய்ச் சொன்னாரா? அதற்கு வட்ஸ்அப் செய்தியோ, முன்வந்து சொல்லக்கூடிய ஒருவரோ இருக்கிறாரா? இருந்தால் வாருங்கள், பேசலாம். யூரியூப் பெடியனுக்கு ஒரு சட்டத்தரணியின் கடிதம் போதும் என்று நினைக்கிறேன். பூட்டையோ கதவையோ உடைத்திருந்தால் அது தனிக் குற்றம். அந்த வீடியோவை அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பின்னறை இரவில் எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி அதுதான்.

முற்பணம். காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் சொல்வது அது. முத்திரை ஒட்டினால் செல்லும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஆகவே அவரை வாங்கச் சொல்லி நீங்களும் வற்புறுத்த முடியாது, விற்கச் சொல்லி அவரும் முடியாது. மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டு எனக்குப் பெரிதாகப் படவில்லை. எங்கள் றோமன் டச்சுச் சட்டத்தில் மறைந்திருக்கும் குறை என்றால் அந்தப் பொருளைப் பயன்படுத்த விடாத குறை. கூரையில் கறையான், இப்படி. பேய்க்காக விற்பனையை ரத்துச் செய்ய விட்ட நீதிமன்றமும் உண்டு. 1991இல் நியூயோர்க் மாநிலத்தின் நையாக் என்ற ஊர் வீடு பற்றிய வழக்கு. அங்கே வீட்டுக்காரரே பேய்க்கதையைப் பத்திரிகைக்குச் சொல்லி ஊரறியச் செய்திருந்தார். பிறகு இல்லை என்று சொல்ல முடியாது, சட்டத்தின் கண்ணில் அது பேய் வீடுதான் என்றார்கள் நீதிபதிகள். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீங்கள் வாயைத் திறந்து கதையை வளர்க்காதீர்கள். பெரியம்மா இறந்ததை யாராவது நேராகக் கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். அது மறைக்க வேண்டிய விசயமல்ல, எங்கள் ஊரில் அப்படி ஒன்று நடக்காத ஒழுங்கை எது?

ஐந்து இலட்சத்தை என்ன செய்வது? வெல்லலாமா என்று பார்ப்பதைவிட, அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, இனி ஒரு உரிமையும் கோர மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள் என்பேன். இழுபட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். செலவில்லை, எங்களைப் போன்ற சட்டத்தரணிகளும் அங்கே வர முடியாது.

சாந்தி செய்யுங்கள். அதை யாரும் ஒப்புதல் வாக்குமூலமாக எடுக்க மாட்டார்கள். சொந்த வீட்டில் கோயில் ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்வது வீட்டுக்காரர் செய்கிற காரியம். உங்கள் மூவர் பெயரில் செய்து, பக்கத்து வீட்டு அண்ணையையும் அழையுங்கள். விருந்தாளியாக அவர் வந்து பிரசாதம் வாங்கும்போது ஒரு படமும் எடுக்கலாம். ஆனால் மதிலுக்கான காலக்கணக்கைச் சாந்தி நிறுத்தாது, மாவட்ட நீதிமன்றத்தில் போடும் வழக்குத்தான் நிறுத்தும். அளவையாளரின் வரைபடம் கைக்கு வந்ததும் அதையும் உறுதியையும் கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு அண்ணா வருவாரானால் அதற்கு முன் அளந்து முடித்துவிடுங்கள்.