அமெரிக்காவில் கிரெடிட் கார்டு கடன்: திவால் மனுவா, காத்திருப்பதா?

திவால் வழக்கறிஞர் அலுவலகத்தில் பல வருடம் மனுக்கள் தயாரித்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன். மனு போடுமுன் உங்கள் மாநில வழக்கறிஞர் ஒருவரையும் கட்டாயம் பாருங்கள்.

கேள்வி (நியூஜெர்சி): அக்கா, ஐந்து கார்டுகளில் 42,000 டாலர் கடன். வேலை போய், இப்போது குறைந்த சம்பளத்தில் இன்னொன்று கிடைத்திருக்கிறது. ஏழு வருடம் பொறுத்தால் கடனே போய்விடும் என்கிறார்கள். மஞ்சள் கடுதாசி கொடுக்காமல் அப்படியே இருந்துவிடலாமா?

பதில்: தம்பி, ஏழு வருடத்தில் போவது கடன் இல்லை, கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும் பதிவுதான். வழக்குப் போடும் கெடு தனி. அது பொதுவாக நியூயார்க்கில் 3 வருடம், டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் 4, உங்கள் நியூஜெர்சியில் 6. அதற்குள் தீர்ப்பு வாங்கிவிட்டால் நியூஜெர்சியில் அந்தத் தீர்ப்பு 20 வருடம் செல்லும். உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை முதலாளியே பிடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மாதாமாதம் சம்பளம் வாங்குபவர் மீது, அதுவும் இவ்வளவு தொகைக்கு, வழக்குப் போடாமல் விடுவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்கள் குடும்ப வருமானம் மாநிலத்தின் இடைநிலை வருமானத்தைவிடக் (median) குறைவு என்றால், தவணை இல்லாமல் கடனைத் தள்ளுபடி செய்யும் திவால் முறையான சாப்டர் 7க்குத் தகுதி பெறுவது எளிது. கோர்ட் கட்டணம் 338 டாலர், வழக்கறிஞர் கட்டணம் தனி. நான்கு முதல் ஆறு மாதத்தில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் பத்து வருடம் நிற்கும், உண்மைதான். ஆனால் ஐந்து கார்டும் கட்டாமல் கிடக்கிற ரிப்போர்ட்டை இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது? உங்கள் இடத்தில் என் சொந்தத் தம்பி இருந்தால் மனு போடத்தான் சொல்வேன்.

கேள்வி (டல்லாஸ்): டெக்சாஸில் கார்டு கடனுக்குச் சம்பளத்தைத் தொட முடியாதாமே?

பதில்: முதலாளியிடம் பிடிக்க முடியாது. ஆனால் தீர்ப்பு இருந்தால் வங்கிக் கணக்கை முடக்கலாம். சம்பளம் கணக்கில் விழுந்தபின் அந்தப் பாதுகாப்பு போய்விடும். குடியிருக்கும் வீட்டுக்கு அங்கே வலுவான பாதுகாப்பு உண்டு. கடைசியாகப் பணம் கட்டி மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வழக்கும் வரவில்லை என்றால் பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. எந்த மாநிலமானாலும் ஒன்று: வசூல் ஏஜென்சிக்காரர் "நல்லெண்ணத்துக்கு ஐம்பது டாலர் போடுங்கள்" என்பார். போடாதீர்கள். பல மாநிலங்களில் அந்தச் சின்னத் தொகையே கெடுவை முதலிலிருந்து ஓட வைத்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) மட்டும்தான் வருமானம், சொந்த வீடு இல்லை. தினமும் போன் செய்து மிரட்டுகிறார்கள்.

பதில்: அம்மாவுக்கு மனு தேவையே இல்லை. கார்டு கடனுக்காக அந்தப் பணத்தை எடுக்க முடியாது. நேரடியாக வங்கியில் வரவாகிறது என்றால், கணக்கை முடக்க உத்தரவு வந்தாலும் இரண்டு மாதத் தொகையை வங்கி தானாகவே விட்டுவைக்க வேண்டும். இனித் தொடர்புகொள்ளக் கூடாது என்று ஏஜென்சிக்கு எழுத்தில் அனுப்புங்கள், போன் நிற்கும். அம்மாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: ஊரில் தஞ்சாவூர் பக்கம் என் பெயரில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. இங்கே கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? மனுவுக்கு முன்னால் தம்பி பெயருக்கு மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சொத்து உலகத்தில் எங்கே இருந்தாலும் மனுவில் காட்டியாக வேண்டும். திவால் வழக்கைக் கவனிக்கும் அதிகாரியான டிரஸ்டி சத்தியப் பிரமாணத்தின் பேரில் உங்களையே கேட்பார். மறைத்தால் கடன் தள்ளுபடி போய்விடும், அது கூட்டரசுக் குற்றமும்கூட. இரண்டு வருடத்துக்குள் செய்த பெயர்மாற்றத்தைக் கிளறவும் டிரஸ்டிக்கு அதிகாரம் உண்டு, மாநிலச் சட்டப்படி அதற்கு முந்தையதையும் தோண்டலாம். நகையும் அப்படித்தான். நீங்கள் வைத்துக்கொள்ளக்கூடிய சொத்துக்கான கூட்டரசுச் சலுகைப் பட்டியலில் நகைக்கு 2,125 டாலர்தான். வேறு பொதுச் சலுகை கொஞ்சம் கைகொடுக்கலாம். நிலம் இருப்பவர்கள் சாப்டர் 7க்கு ஓடாமல், மூன்று முதல் ஐந்து வருடத்தில் தவணையாகக் கட்டும் சாப்டர் 13ஐயும், நிலத்தை விற்று வங்கியோடு பேசி முடிப்பதையும் எடைபோட்டுப் பாருங்கள். பேசி முடித்தால் தள்ளுபடியான தொகை வருமானமாகக் கணக்காகி வரி வரலாம். திவாலில் தள்ளுபடியாகும் கடனுக்கு அந்த வரி கிடையாது.

கேள்வி: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு கெடுமா?

பதில்: மனு போடக் குடியுரிமை தேவையில்லை. திவால் என்ற ஒரே காரணத்துக்காகக் கிரீன் கார்டை மறுப்பதில்லை. மனுவில் பொய் சொல்லி மாட்டினால்தான் ஆபத்து.

கேள்வி (கலிஃபோர்னியா): சம்மன் வந்துவிட்டது. கடன் ஐந்து வருடம் பழையது, கெடு தாண்டியதுதானே என்று விட்டுவிட்டேன்.

பதில்: இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். நேரில் கொடுக்கப்பட்டிருந்தால் 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாக்கல் செய்ய வேண்டும். கெடு தாண்டியது என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், கோர்ட் தானாகப் பார்த்துத் தள்ளாது. பதில் போகாவிட்டால் ஐந்து வருடப் பழைய கடனுக்கும் தீர்ப்பாகிவிடும்.

கேள்வி: 401கே (வேலையில் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) பணத்தை எடுத்துக் கட்டிவிடவா?

பதில்: தொடாதீர்கள். திவாலிலும் அந்தப் பணத்தைக் கடன்காரர் எடுக்க முடியாது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரியோடு பெரும்பாலும் 10 சதவீத அபராதமும் சேரும்.